தாணு அண்ணாச்சியும் துடைக்கக் கூடாத கண்ணாடிகளும்

குழித்துறைச் சந்தையில் என் கடை வாசலில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. குஜராத் கரையில் உடைத்த ஏதோ ஒரு கப்பலின் கதவுப் பிடிகள், விளக்குக் கூண்டுகள், பித்தளைத் திருகுகள். எடை போடுகிற நேரத்தில் நான் போன் எடுப்பதில்லை. மஸ்கட் எண் என்பதால் எடுத்தேன். தாணு அண்ணாச்சியின் மகன்.

"மாமா, அப்பா போயிட்டாவ. காலையில வயலுக்குப் போயிட்டு வந்து தண்ணி கேட்டாவளாம். அம்மா செம்போட வாறதுக்குள்ள..."

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். "பாத்துக்கிடலாம்வே" என்று சொல்லிச் சொல்லியே இந்த மனிதர் கடைசியில் கையை விரித்துவிட்டாரே என்ற எரிச்சல். அது இன்னும் அடங்கவில்லை. இந்த நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்ட நண்பர்கள் அதையும் சேர்த்தே பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் பூதப்பாண்டி. நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் வயல், ஒரு வீடு, வெளிநாட்டில் ஒரு மகன். நகை, நிலம், மனை எதிலும் ஆசை கிடையாது. ஆசைப்பட்டுச் சேர்த்தது ஒன்றே ஒன்று: பழைய தொலைநோக்கிகளின் ஐபீஸ்கள். தொலைநோக்கியில் நாம் கண்ணை வைக்கிற முனையில் செருகுகிற சின்னக் குழல்தான் ஐபீஸ். உள்ளே இரண்டு மூன்று கண்ணாடிகள் இருக்கும். முன்னால் இருக்கிற பெரிய கண்ணாடி எத்தனை நன்றாக இருந்தாலும், இந்தச் சின்னக் குழல் சரியில்லை என்றால் ஒன்றும் தெரியாது. கப்பலில் இருந்து வந்தது, மலைத் தோட்டத்துப் பங்களாவில் கிடந்தது, பழைய சர்வே கருவியில் இருந்து கழன்றது என்று கட்டைவிரல் பருமனில் எத்தனையோ பித்தளைக் குழல்கள் அவரிடம் இருந்தன.

என் கடைக்கு அவர் முதலில் வந்தது கதவுத் தாழ்ப்பாள் தேடி. பித்தளைத் துண்டுகள் கிடந்த கூடையில் கையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். வியாபாரி பார்க்க வேண்டியது வாங்க வருகிறவரின் வாயை இல்லை, கையை. கை நின்றால் விலை ஏறும்.

"இது என்ன வெல?"

"அது எடைக்கு இல்ல அண்ணாச்சி. தனி உருப்படி."

"நான் எடுக்கும் முன்ன எடைக்குத்தான கெடந்து?"

"நீங்க எடுத்ததுனாலதான் தனியாச்சு."

சிரித்துவிட்டார். "நல்ல யாவாரிவே நீரு. வெலையைக் கூட்டணும்னா கூட்டும். ஆனா ஒண்ணு. இனி இது மாதிரி வந்தா துணி போட்டுத் துடைச்சிராதேயும். அழுக்கோட தாரும். அழுக்கு கண்ணாடிக்கு மேல நிக்கும், ஊதினா போயிரும். கீறல் உள்ள போயிரும், பின்ன வெளிய வராது."

அதற்குப் பிறகு எந்தக் கப்பல் சரக்கு வந்தாலும் அவருக்காக ஒரு டப்பா தனியாக வைத்தேன். ஒரு முறை நல்ல உருப்படி ஒன்று வந்தது. பார்த்தவுடன் அவர் மனம் குளிரட்டுமே என்று வேட்டி நுனியால் பளிச்சென்று துடைத்து வைத்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"எதை வச்சுத் துடைச்சீரு?"

"வேட்டிதான்."

"சிமென்ட் சாக்கு மேல இருந்து எந்திரிச்சு வந்த வேட்டியா?"

வாங்கி வைத்த டீயைத் தொடாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். பிறகு பல நாள் என் போனை எடுக்கவில்லை. துக்க வீட்டில் ஆளுக்கு ஆள் "அவருக்குக் கோவமே வராது" என்று சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் அவருடைய ஐபீஸைத் துடைத்தவர்கள் இல்லை.

சேகரிக்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், அவர்களை வைத்தும்தான் பிழைக்கிறேன். பெரும்பாலோர் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். அண்ணாச்சி அப்படி இல்லை. அறுவடை முடிந்த வயலை ஒட்டிய சிமென்ட் களத்தில், தானே வெள்ளை பிவிசி குழாயில் கட்டிய தொலைநோக்கியை நிறுத்தி, பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு ஐபீஸாக மாற்றி மாற்றிப் பார்ப்பார். பழையவை அந்தக் குழாயில் சேராது, அளவு வேறு. "எல்லாத்தையும் லேத்தில குடுத்து ஒரே அளவுக்குக் கடைஞ்சிரலாமே" என்றேன். "குழாய மாத்தும்வே. இதைத் தொடாதேயும்" என்றார். நாகர்கோவில் பட்டறையில் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மேலுறை வளையம் கடைந்து கொடுத்தேன்.

அந்தப் பழைய ஐபீஸ்களில் பார்வை அகலம் குறைவு. சாவித் துவாரம் வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்க்கிற மாதிரி இருக்கும். புதிது வாங்கினால் வானம் அகலமாகத் தெரியுமே என்று கேட்டேன்.

"அகலமா தெரிஞ்சா கண்ணு கண்ட இடத்துல மேயும்வே. இது ஒண்ணைத்தான் காட்டும். அந்த ஒண்ணை ஒழுங்காப் பாரும்." பிறகு கையில் இருந்ததைத் தடவிக்கொண்டே, "கடல்ல கரையத் தேடின சாமான் இது. இப்பம் வயல்ல நின்னு வியாழனைப் பாக்கு. ரிட்டயர் ஆன சர்வேயருக்குக் கூட்டு" என்றார்.

எனக்குக் கவலை வேறு. நம் மாவட்டத்தில் இரண்டு மழையும் பெய்யும். கண்ணாடியில் பூசணம் பிடித்தால் சரக்கு போயிற்று. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். சாமி அறையில் தினமும் விளக்கு எரிவதால் அங்கே ஈரம் நிற்காது. அங்கே இருந்த மர அலமாரியில், கீழ்த்தட்டில் குத்துவிளக்குகள், மேல்தட்டில் ஐபீஸ்கள். நல்ல மூளை என்று நானே பாராட்டினேன்.

அவருக்குப் பிறகு இவை என்ன ஆகும் என்று நான்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கொச்சியிலிருந்து ஒரு சேகரிப்பாளரைக் கூட்டிவந்தேன். எல்லாவற்றையும் காட்டி, டீ கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, "இவரு பூட்டி வச்சிருவாருவே, மொகத்தைப் பாத்தாலே தெரியுது" என்றார். சரி என்று பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் பேசினேன். பூட்டுள்ள ஓர் அறை, பிள்ளைகள் பார்க்க மாதம் ஒரு மாலை. அவர் சம்மதித்தார். அண்ணாச்சிக்கும் சந்தோஷம்தான். "குடுத்திருவோம். பாக்கதுக்கு ஆள் இருந்தாத்தான் ஐபீஸ். இல்லைன்னா வெறும் பித்தளை" என்றார்.

கொடுத்தாரா? மழை விடட்டும் என்றார். கன்னிப்பூ நெல்லை அறுக்கட்டும் என்றார். அடுத்த போகம் கும்பப்பூ நடட்டும் என்றார். சனிக்கிரகம் நல்ல இடத்துக்கு வரட்டும், ஒரு தடவை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார். நான் சத்தம் போட்டால், "பாத்துக்கிடலாம்வே."

"அப்பம் வீட்டிலயாவது சொல்லி வையுங்க. இது என்ன, எப்படி வச்சுக்கிடணும்னு மதினிக்குத் தெரியாண்டாமா?"

"அவளுக்கு இதுல என்ன இருக்கு? அவ தொடவே மாட்டா."

அண்ணாச்சியின் மனைவி பகவதி மதினி அப்போதுதான் டீ டம்ளர்களோடு வந்தார். "தொட்டா கை ஒட்டிக்கிடும்னு சொல்லியிருக்காவ தம்பி" என்றார்.

அண்ணாச்சி சிரித்தார். "ஒருநா இவளுக்கு நிலாவைக் காட்டணும்வே."

"காட்டுங்க, காட்டுங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நிலா அங்கனதான் கெடக்கு" என்று சொல்லிவிட்டு மதினி உள்ளே போனார்.

அதுதான் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து பேசிய கடைசிப் பேச்சு.

பதினாறாம் நாள் காரியமான அடியந்திரத்துக்கு வாடகைப் பாத்திரங்கள் ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. முந்தின நாளே போனேன். முன்பக்கம் தொலைநோக்கிக் குழாயின் மேல் யாரோ ஈரத் துண்டுகளைக் காயப்போட்டிருந்தார்கள், மோட்டார் பைப் என்று நினைத்து. அதைப் பார்த்தே எனக்குக் கோபம் ஏறிவிட்டது. பின்முற்றத்துக்குப் போனால் புளி வாசனை. அடியந்திரத்துக்கு முன் வீட்டில் உள்ள பித்தளை எல்லாம் விளக்குவது நம் பக்கத்து வழக்கம். குத்துவிளக்கு, கிண்டி, உருளி எல்லாம் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. பக்கத்தில் ஒரு சுளவு, அரிசி புடைக்கிற முறம். அதில், வெயிலில், தங்கம் மாதிரி மின்னிக்கொண்டு அண்ணாச்சியின் ஐபீஸ்கள் அத்தனையும்.

"வாங்க தம்பி" என்றார் மதினி. கை இரண்டும் புளியில் சிவந்திருந்தன. "நாளைக்கு நாலு பேரு வருவாவல்லா. அலமாரியில உள்ள பித்தளை எல்லாம் எடுத்தாச்சு."

"மதினி, இது..."

"அவுக சாமான்தான். வேலைக்கு வந்தவகிட்ட குடுக்கல, நானே தேய்ச்சேன். புளியும் சாம்பலும் போட்டு, பின்ன வெந்நியில போட்டு எடுத்தேன். இருக்கும்போது தொட விடமாட்டாவ. போன பொறவாவது அழுக்கோட கெடக்காண்டாம்னுதான்."

ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். சிலந்தி வலை மாதிரி கீறல். இரண்டு கண்ணாடி ஒட்டியிருக்கிற உருப்படிகளில் வெந்நீர் புகுந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. சந்தையில் சத்தம் போட்டே கடை வளர்த்தவன் நான். இங்கே யாரைச் சத்தம் போடுவது? மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைத்தான் முறைத்தேன். துணி போட்டுத் துடைக்காதே என்று எனக்குச் சொன்னீர்கள். லேத்காரருக்குச் சொன்னீர்கள். ஒரே ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போன கொச்சிக்காரருக்கும் சொன்னீர்கள். இந்த வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

"கறுப்பா ஒண்ணு இருந்திச்சே மதினி?" என்று கேட்டேன்.

"அது பைப்பு மூடில்லா? பிளம்பர் விட்டுட்டுப் போனதுன்னு மோட்டார் ரூம்ல போட்டேன்."

எபோனைட் என்கிற கறுப்புப் பொருளில் செய்த பழைய ஐபீஸ் அது. பித்தளை இல்லாததால் பிழைத்திருந்தது. தூசியோடு எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். விளக்கியவற்றில் ஒன்றை நாகர்கோவிலில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நண்பரிடம் காட்டினேன். "மறுபடி தேய்ச்சா வளைவு மாறிரும். வேற கண்ணாடி போட்டா அது வேற ஐபீஸ்" என்று திருப்பித் தந்துவிட்டார்.

அடியந்திரம் முடிந்தது. பந்தியும் முடிந்து, உறவுக்காரர்கள் கலைந்து, மகன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மேற்கே பிறை தெரிந்தது. தலைமையாசிரியருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரிய வேண்டும். துண்டுகளை உதறி எறிந்துவிட்டுத் தொலைநோக்கியைக் களத்துக்குத் தூக்கிப் போய், கறுப்பு ஐபீஸைச் செருகிப் பார்த்தேன். நிலாவின் மலைகள் நிழலோடு நின்றன. இது தேறும்.

திரும்பினால் மதினி நிற்கிறார். கையில் சுளவிலிருந்து எடுத்த ஒன்று, இருப்பதிலேயே அதிகம் மின்னுவது.

"இதைப் போட்டுக் காட்டுங்க தம்பி."

"கறுப்பு போட்டிருக்கு மதினி. அதுல நல்லா தெரியும்."

"பைப்பு மூடியிலயா? பின்ன நான் கை நோவத் தேய்ச்சது எதுக்கு?"

மாற்றிச் செருகினேன். நான் முதலில் பார்த்தேன். புகைக்குள் ஒரு நிலா. மலையும் இல்லை, நிழலும் இல்லை. விலகிக்கொண்டேன். மதினி குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"சுத்திலும் வெட்டம் நிக்குது தம்பி. சாமி படத்துல தலைக்குப் பின்ன ஒளி இருக்குமே, அது மாதிரி." கண்ணை எடுக்காமலே கேட்டார். "வெளக்கினதுனாலதான இவ்வளவு வெட்டம்?"

"ஆமா மதினி" என்றேன்.

ஓட்டைச் சரக்கை நல்ல சரக்கு என்று சொல்லி நான் விற்றதில்லை. அந்த 'ஆமா'தான் முதல். இந்தக் கட்டுரையை வேறு கேட்டுவிட்டார்கள். அச்சில் வந்து யாரோ வாசித்துக் காட்டி அவர் அறிவதைவிட நானே சொல்வது மரியாதை என்று பூதப்பாண்டிக்குப் போனேன். புளி, சாம்பல், கீறல் எல்லாவற்றையும் சொன்னேன்.

மதினி டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "அன்னைக்கே தெரியும் தம்பி. சுளவைப் பாத்ததும் உங்க மொகம் செத்துப் போச்சு."

"பின்ன ஏன் அப்படிக் கேட்டீங்க?"

"அவுகதான் ஒண்ணும் சொல்லாம போயிட்டாவ. நீங்களாவது சொல்லுகேளான்னு பாத்தேன்."

கறுப்பு ஐபீஸைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்தேன்.

"சரி, இப்பம் சொல்லுங்க. எப்படித்தான் துடைக்கணும்?"

துடைக்கவே கூடாது என்றேன். அண்ணாச்சி மருந்துக் கடையில் வாங்கி வைத்திருந்த ரப்பர் பந்து அலமாரியில்தான் இருந்தது. அதை எடுத்து, அமுக்கிக் காற்றை மட்டும் விட்டுக் காட்டினேன். அழுக்கு மேலே நிற்கும், கீறல் உள்ளே போகும் என்று அண்ணாச்சி எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். மதினி கறுப்பு ஐபீஸை வாங்கி, பந்தை அமுக்கினார். மோட்டார் அறைத் தூசி பறந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"பள்ளிக்கூடத்துல பிள்ளைக சட்டையால துடைச்சிரும். குடுக்கும்போது முதல்ல இதைச் சொல்லுங்க" என்று சொல்லி, பந்தையும் ஐபீஸோடு சேர்த்து என் கையில் வைத்தார்.

போய் வாருங்கள் அண்ணாச்சி. நீங்கள் இந்த வீட்டில் சொல்லாமல் விட்டதை நான் சொல்லி முடித்தபோது, மதினி கொண்டுவந்து வைத்த டீ இன்னும் ஆறவில்லை.