சத்தம் கேட்ட பிள்ளை

ஆதிலட்சுமியைப் பற்றி எங்கள் பேட்டையில் யாரைக் கேட்டாலும், வீடியோ பார்த்தே புருஷனைச் சாகவிட்டவள் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவள் மகளிடம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான். நானும் உட்கார்ந்தேன்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் நானும் அவளும் பதினோரு வருஷம் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பது எங்கள் வேலை. நல்ல கட்டை ணங்கென்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும், அதைத் தூக்கிப் போட்டுவிடுவோம். அவள் புருஷன் திலீபன் பின்கட்டில் கல் அரைக்கிற மில்லில் இருந்தான். சாயங்காலம் தலை முதல் கால் வரை வெள்ளையாக வெளியே வருவான். "என்னாப்பா, மாவு மில்லுலயா விழுந்த?" என்று கிண்டல் செய்வேன். அவனும் சிரிப்பான். சிரித்து முடிக்கும்போது இருமுவான். அந்த இருமலை நாங்கள் யாரும் கணக்கிலேயே எடுத்ததில்லை.

மகள் இனியா ஸ்கூல் விட்டால் எங்கள் மேசைக்கு வந்துவிடுவாள். ஏழு வயதிலேயே எங்களைவிடத் துல்லியமான காது. நான் நல்லதென்று ஒதுக்கிய கட்டையை எடுத்துத் தட்டி, "பெரியம்மா, இது ஒடஞ்சிருக்குது" என்பாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் முதுகில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாளாம்: "அப்பா உள்ள சத்தம் சரியில்லம்மா. ஒடஞ்ச கட்ட மாரி இருக்குது."

மறுநாள் ஆதிலட்சுமி இதை மேசையில் வந்து சொன்னாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இன்றைக்கே அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ என்றுதானே? நான் போனை எடுத்தேன். பூர்ணிமா மேடம் என்று ஒருத்தி, உள்ளுணர்வுள்ள குழந்தைகளை வளர்ப்பது எப்படி என்று பட்டுப்புடவையும் விபூதியுமாக உட்கார்ந்து பேசுவாள். அந்த வீடியோக்களை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. "உன் பொண்ணு இந்த மாரி புள்ளதாண்டி" என்று லிங்க்கை அனுப்பி வைத்தேன்.

மேடத்தின் முதல் ஆன்லைன் வகுப்பு இலவசம். இரண்டாவதற்குக் காசு. மூன்றாவதற்கு ஆதிலட்சுமியின் காதில் கிடந்த தோடு போயிற்று. அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் மேடமே வீடியோ காலில் வந்து குழந்தையைப் பார்த்தாள்.

"உங்க குழந்தை கேக்கறது உடம்போட சத்தம் இல்லம்மா, ஆத்மாவோட சத்தம். அப்பா மனசுல பழைய பாரம் தேங்கியிருக்கு. மருந்து மாத்திரைன்னு போயி இந்தச் சக்தியைக் கலைச்சிடாதீங்க. குழந்தை வாக்குக்கே பலம் இருக்கு."

நாற்பத்தெட்டு நாள், காலையில் குளித்துவிட்டு, இனியா அப்பாவின் முதுகில் கை வைத்து "அப்பா நல்லா இருக்காங்க" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். அதை வீடியோ எடுத்து மேடத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். ஆதிலட்சுமி ஒரு நாள்கூடத் தவறவில்லை. திலீபனும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். மகளுக்கு வந்த பெருமை அவனுக்கும் பிடித்திருந்தது. "மூச்சு வாங்குது ஆதி, ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன்" என்று இடையில் ஒருமுறை கேட்டிருக்கிறான். "நாப்பத்தெட்டு நாளு முடியட்டுங்க" என்றிருக்கிறாள் இவள்.

வீடியோ பரவியதும் பெண்ணாடத்திலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வாசலில் செருப்புக் குவியும். நானும் போய் உட்கார்ந்தேன். இனியா என் முதுகில் காது வைத்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல பெரியம்மா" என்றாள். நிம்மதியாகத் திரும்பி வந்தேன். திலீபன் கதவோரம் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.

நாற்பத்தோராவது நாள் மத்தியானம் மில் படியில் ஏற முடியாமல் அவன் உட்கார்ந்துவிட்டான். ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துக் காட்டினார். நுரையீரலில் கல்தூசி படிந்து, அதன்மேல் காசநோயும் ஏறியிருந்தது. "மூணு நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா காசநோயை மருந்திலேயே அடக்கியிருக்கலாம். சத்தமே கேக்கலையா உங்களுக்கு?" என்றார். இனியா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பத்தொன்பதாம் நாள் திலீபன் போய்விட்டான்.

மேடம் குரூப்பில் ஒரு விளக்குப் படம் போட்டு ஆத்மா சாந்தி என்று எழுதினாள். ஆனால் இனியாவின் வீடியோவை நீக்கவில்லை. இன்றைக்கும் சமையல் குறிப்புத் தேடினால்கூட நடுவில் அது விளம்பரமாக வருகிறது. திலீபனின் எலும்பு தெரியும் முதுகு, அதன்மேல் ஒரு சின்னக் கை. அப்பா நல்லா இருக்காங்க, அப்பா நல்லா இருக்காங்க. கீழே, பதிவு செய்ய இங்கே அழுத்தவும். நான் போனைக் கவிழ்த்துப் போட்டுவிடுவேன். குரல் முடிகிறவரைக்கும் கேட்கும்.

மூன்று மாதம் கழித்து ஆதிலட்சுமி வந்தாள். "சொர்ணாக்கா, அந்தப் பொம்பள மேல பிராது கட்டணும். உங்க கையெழுத்து நல்லா இருக்கும், வாங்க" என்றாள்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் அது வழக்கம். போலீசுக்குப் போக முடியாதவர்கள், யார் மேல் என்ன குறை என்று தாளில் எழுதி அங்கே வேலில் கட்டுவார்கள். சாமி விசாரிப்பார். மண்டபத்தில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இனியா தனக்கும் ஒரு தாள் வேண்டும் என்றாள். அப்பன் போனதிலிருந்து அதிகம் பேசாத பிள்ளை கேட்கிறதே, ஏதாவது படம் வரையட்டும் என்று பென்சிலோடு கொடுத்தேன்.

அவள் படம் வரையவில்லை. ஆதிலட்சுமி வாங்கிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

"கொளஞ்சியப்பர் சாமிக்கு. தப்பு செய்தது தி. இனியா, மூன்றாம் வகுப்பு. அப்பா நல்லா இல்லைன்னு எனக்குத் தெரியும். தினமும் சத்தம் கேட்டது. நல்லா இருக்காங்கன்னு பொய் சொன்னேன். எனக்குத் தண்டனை குடுங்க."

ஆதிலட்சுமி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு, "நீ சொல்லலடி, நாந்தான் சொல்ல வச்சேன்" என்று அழுதாள்.

"என் வாயாலதானம்மா சொன்னேன்" என்றாள் இனியா.

ஆதிலட்சுமி என் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். மகளின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள். மேடத்தின் பெயர் எழுதிய தாளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லிங்க் அனுப்பியது நீங்கள்தானே என்று அன்றைக்கும் அவள் என்னைக் கேட்கவில்லை, அதற்கு முன்னும் கேட்டதில்லை. பேனாவை என்னிடம் நீட்டிவிட்டு, மகளின் தாளை மடிக்காமல் ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தாள். அவள் பெயருக்குக் கீழே இடம் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன்.