சுழற்றிப் பார்த்த மண்

மண்ணுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னால் பெங்களூரில் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான் வரும். ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார ஆன்ட்டிக்கும் அதுவே வந்தது.

"அப்போ நம்ம போர்ல எப்போம்மா தண்ணி வரும்?"

அந்தக் கோடையில் போர்வெல் காற்றை மட்டும் தாராளமாக இறைத்துக்கொண்டிருந்தது. நான் பொறுமையாக விளக்கினேன். முழுக்க ஊறிய மண்ணில் தண்ணீர் ஓடுவதை அளப்பது எளிது. பாதி ஈரம், பாதி காற்று என்று இருக்கும் மண்ணில் அது சில்க் போர்டு நெரிசலில் சிக்கிய பேருந்து மாதிரி. நகர்கிறது என்பார்கள், நகர்ந்ததைப் பார்த்தவர் கிடையாது. அதனால் மண்ணை உருளைக்குள் வைத்து, சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரத்தில் மாட்டி அசுர வேகத்தில் சுழற்றுவோம். புவியீர்ப்பைப் போலப் பல மடங்கு இழுவிசை கிடைக்கும். மாதக்கணக்கில் கசிய வேண்டிய தண்ணீர் ஒரே பகலில் கசிந்துவிடும். அதை எடை போட்டால் மண்ணின் குணம் தெரியும்.

முழுவதையும் கேட்ட ஆன்ட்டி, "ஓ, வாஷிங் மெஷின்ல துணி புழியற மாதிரியா?" என்றார். நான் பல வருடம் படித்த படிப்பு அதோடு முடிந்தது. மறுக்கவும் வழியில்லை.

விஷயம் இதுதான். லிங்கராஜபுரத்தில் இருக்கும் அவருடைய தம்பி கட்டட கான்ட்ராக்டர். கார் நிறுத்தும் இடத்தில் குழி தோண்டி, மொட்டைமாடி மழைநீரை அதில் இறக்கினால் போர் ஊறிவிடும் என்று சொல்லியிருந்தார். மண் தண்ணீரை உள்ளே விடுமா என்று பார்த்துவிட்டுத் தோண்டலாம் என்றேன். "பாரேன், சும்னேதானே இருக்கு உன் மெஷின்" என்றார் ஆன்ட்டி, கன்னடம் கலந்த தமிழில்.

சும்மாதான் இருந்தது. அதுவரை கடையில் வாங்கிய களிமண்ணையே சுழற்றிக்கொண்டிருந்தோம். நிஜமான இடத்து நிஜமான மண் வருகிறது என்றதும் என் பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் இரும்புக் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி, மண் கலையாமல் எடுத்தேன். தெருவே கூடி நின்று, கேஸ் குழாய் வெடித்துவிட்டதா என்று விசாரித்தது.

ஆய்வகத்தில் அந்த மண் நாள் முழுக்கச் சுழன்றது. மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். கீழே இருந்த கிண்ணம் லேசாக வியர்த்திருந்தது, அவ்வளவுதான். முழுக்க ஊறவைத்துச் சுழற்றியபோதும் அதே கதை. கெட்டியான களி. தண்ணீரை உள்ளே விட மாட்டேன் என்று சத்தியம் செய்த மண்.

குழி தோண்டினால் தண்ணீர் இறங்காமல் தேங்கும் என்று முடிவைச் சொன்னபோது தம்பியும் இருந்தார்.

"மேடம், பொம்மசந்திராவுல எத்தனை ஃபேக்டரிக்குக் குழி எடுத்தவன் நான். மண்ணுன்னா தண்ணி குடிக்கும். நீங்க அதைப் போட்டு அந்தச் சுத்து சுத்துனா, பாவம், அதுக்குத் தலை சுத்தாதா?"

ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வாரமே குழி வந்தது, ஜல்லி வந்தது, மாடிக் குழாய் வந்தது. குழிக்குப் பூவும் குங்குமமும்கூட வைத்தார்கள்.

முதல் பெருமழை ஒரு மாலையில் வந்தது. மாடித் தண்ணீர் முழுவதும் சொன்ன பேச்சைக் கேட்டுக் குழிக்குள் இறங்கியது. குழி நிரம்பியது. நிரம்பிய தண்ணீர் மண்ணுக்குள் போக இடமில்லாமல் சுற்றிலும் பார்த்து, தரைத்தளத்தில் இருந்த என் அறையைத் தேர்ந்தெடுத்தது. நான் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது என் செருப்புகள் ஜோடியாக மிதந்து வந்து வரவேற்றன. கட்டிலுக்கடியில் வைத்திருந்த புத்தகங்கள் கொழகொழத்துக் கிடந்தன. அழுகை வந்தது. கூடவே, நம் அளவீடு எவ்வளவு சரி என்று வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷமும் வந்தது.

ஆன்ட்டி படிக்கட்டில் நின்று தலையில் கைவைத்தார். "அய்யோ, நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சேம்மா!"

"சொன்னேனே ஆன்ட்டி."

"நீ சொன்னேதாம்மா. ஆனா சொல்ப ஸ்ட்ராங்கா சொல்லியிருக்கலாம், இல்லையா?"

அன்று ராத்திரி மாடியில் அவர் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டேன். தோசை சூடாகக் கிடைத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் வந்த தம்பி குழியை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த மண்ணு சரியில்ல மேடம்" என்று எனக்குத் தகவல் தெரிவித்தார். பேராசிரியரோ என் அறை முழுகியதைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். களத்தில் நிரூபணம் ஆகிவிட்டது, தண்ணீர் வற்ற எத்தனை நேரம் ஆனது என்று குறித்துக்கொண்டீர்களா என்று கேட்டார். பக்கெட்டில் மொண்டு ஊற்றிவிட்டேன் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது.

இப்போது மாடித் தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குப் போகிறது. துணி துவைக்கப் போதும். குழியின் மேல் கல் பதித்தாகிவிட்டது. தம்பி அடுத்த தெருவில் வேறொரு குழி தோண்டிக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டுக்காரர்களிடம், இந்தப் பகுதி மண் முழுவதையும் மெஷினில் போட்டு டெஸ்ட் பண்ணியாகிவிட்டது என்று தைரியம் சொல்லியிருக்கிறார்.