வராந்தாவில் நின்ற சிவப்புப் பெட்டி

பூந்தமல்லியில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றில் சின்னதாக ஒரு தபால் அருங்காட்சியகம் இருக்கிறது. இருப்பது பக்கத்துத் தெருக்காரர்களுக்கே தெரியாது. அதைப் பார்த்துக்கொள்கிறவர் பாஸ்கல், தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, திருமுல்லைவாயில் வீட்டில் சுவர்களோடு எவ்வளவுதான் பேசுவது என்று இந்த வேலைக்கு வந்தார். இங்கேயும் சுவர்கள்தான், கொஞ்சம் உயரமானவை.

அவரைத் தேடி வருகிற ஒரே ஜீவன் அன்னம்மாள். தேடி என்பதுகூட அதிகப்படி. வராந்தாவில் காட்சிக்கு நிற்கும் பழைய சிவப்புப் பெட்டியை நிஜத் தபால்பெட்டி என்று நம்பி, மாதம் ஒரு கடிதம் போட வருவார். அவருடைய அக்கா கன்னியாஸ்திரி. போன் வைத்துக்கொள்ளக் கூடாத மடம். போட்டுவிட்டு, வெயில் தாழும்வரை உட்கார்ந்து தன் தையல் கடைக் கதைகளைச் சொல்வார். அவர் போனதும் பாஸ்கல் பெட்டியைத் திறந்து, கடிதத்தைக் கொண்டுபோய்த் தபால் நிலையத்தில் சேர்ப்பார். 'இதில் போடாதீர்கள்' என்று ஒரு பலகை மாட்டலாம். மாட்டினால் அப்புறம் பேச்சுத்துணைக்கு எங்கே போவது?

போன மாதம் பாஸ்கல் காய்ச்சலில் படுத்துவிட்டார். கடிதம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. எழுந்து வந்துதான் சேர்த்தார்.

இந்த மாதம் அன்னம்மாள் கோபமாக வந்தார்.

"அக்காவோட நாம விழாவுக்கு, அதான் அது பேரு வச்ச புனிதரோட திருநாளுக்கு, போட்ட லெட்டர், விழா முடிஞ்சப்புறம் போய்ச் சேந்துகீது. எனக்கு இன்னாவோ ஆயிடுச்சுன்னு அழுதுகினே ஜெபம் பண்ணிச்சாம். இந்தப் பொட்டியத் தொறக்குற போஸ்ட்மேன் மேல புகார் குடுக்கப் போறேண்ணே. யாரு அந்த ஆளு?"

பாஸ்கல் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் செய்யாத தப்புக்குத் தபால்காரன் மேல் பழி விழுந்தால் அவருக்குப் பொறுக்காது.

"நான்தாம்மா. இது சும்மா பார்வைக்கு வச்சிக்கீற பொட்டி. நிஜப் பொட்டி எதிர்ல, பஸ் ஸ்டாப் ஓரமா கீது. நீங்க போடுறத நான்தான் எடுத்துகினு போய்க் குடுப்பேன். போன மாசம் காச்சல்."

அன்னம்மாள் பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தினி நாளா இன்னாத்துக்குச் சொல்லல?"

"சொன்னா நீங்க வரமாட்டீங்களே."

சொன்ன பிறகுதான் பாஸ்கலுக்கே வெட்கமாக இருந்தது. அன்னம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கையிலிருந்த புதுக் கடிதத்தோடு படி இறங்கி, பஸ்களுக்கு இடையே பார்த்துப் பார்த்துச் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கத்துப் பெட்டியில் அதைப் போட்டார். திரும்பி வருவார் என்று பாஸ்கல் ஸ்டூலைத் துடைத்து வைத்துக் காத்திருந்தார். அன்னம்மாள் அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டார்.