வலப்பக்கம் தொடங்கிய மூன்று எழுத்து

எனக்கு முன்கோபம் அதிகம். தறியில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது வந்து, "இது சரியா வருமாப்பா?" என்று கேட்டாலே சுர்ரென்று ஏறும். பட்டில் எழுத்து நெய்யத் தெரிந்தவர்கள் பிள்ளையார்பாளையத்தில் நாலைந்து பேர்தான். அதில் நானும் ஒருவன் என்ற திமிர், வேறென்ன! கட்டம் போட்ட தாளில் எழுத்தை வரைவதும் நான்தான், நெய்வதும் நான்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் ஐயம்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து ஒரு டீச்சர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கிறிஸ்தவப் பெண். புதுப்பித்த தேவாலயத்தின் திறப்பு விழாவுக்கு, பிரசங்க மேடையில் தொங்கவிட ஒரு கெஜம் அரக்குப் பட்டு வேண்டும் என்றார். அதில் சரிகையில் நாலு வரி. நாலு வரியிலும் ஒரே சொல்தான்: ஒளி. மேலே எபிரேயம், அடுத்தது கிரேக்கம், பிறகு லத்தீன், கடைசியில் தமிழ்.

"ஒரே வார்த்தையை எதுக்கு டீச்சர் நாலு தரம்? தமிழ்ல ஒண்ணு போட்டா பத்தாதா?"

"வேதம் நம்மகிட்ட வந்து சேர்ந்த வழிண்ணா அது" என்றார். பழைய ஏற்பாட்டை எழுதியது பெரும்பாலும் எபிரேயத்தில். வெளியூர்களில் குடியேறிய யூதர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பாஷை மறந்துபோக, அவர்களுக்காகவே ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கிரேக்கத்தில் பெயர்த்தார்களாம். புதிய ஏற்பாட்டை எழுதியதே கிரேக்கத்தில்தான். "ஆனா ஏசுநாதர் வீட்டுல பேசினது அராமேயம்" என்றார்.

"எங்க வீட்டுல தெலுங்கு பேசிக்கினு, கடைக்குப் போனா தமிழ் பேசற மாதிரியா?"

"அதேதாண்ணா!" என்று கையைத் தட்டிவிட்டார். "இன்னொண்ணு தெரியுமா? இந்திய பாஷைங்கள்லயே புதிய ஏற்பாடு முதல்ல அச்சானது நம்ம தமிழ்லதான். தரங்கம்பாடியில. எரநூத்தம்பது வருஷம் ஆகுது."

அடேயப்பா என்றிருந்தது எனக்கு. எங்கோ பாலைவனத்தில் கிளம்பியது நம் கடற்கரைக்கு வந்து இறங்கியிருக்கிறதே! அந்தக் கணமே டீச்சர் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

அவர் பெங்களூரில் ரெண்டு வருஷம் தங்கி எபிரேயமும் கிரேக்கமும் படித்தவர். வியாழக்கிழமை தோறும் தேவாலயத்தில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க அனுமதி கேட்டிருக்கிறார். கமிட்டியில் சிரித்திருக்கிறார்கள். "பொம்பளைக்கு எதுக்கும்மா எபிரேயம்?" என்று கேட்டாராம் கமிட்டித் தலைவர். "முதல்ல அந்தத் துணி ஒழுங்கா வரட்டும், வகுப்பை அப்புறம் பாக்கலாம்" என்றும் சொல்லியிருக்கிறார். இதை டீச்சர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

என் தறியில் சரிகைப் பூ கீழ்ப்பக்கம் விழும். நெய்கிறவன் கண்ணுக்குத் தெரிவது துணியின் பின்பக்கம். அதனால் எழுத்தை இடம் வலமாகத் திருப்பித்தான் வரைந்துகொள்வேன். "எனக்கு இந்த எழுத்தெல்லாம் புரியாது. ஒவ்வொரு வரியும் எங்க ஆரம்பிக்குதோ அங்க ஒரு புள்ளி வச்சிக் குடுங்க" என்றேன். அவரும் வைத்துக் கொடுத்தார். மூன்று வரிக்குப் புள்ளி இடப்பக்கம் இருந்தது. எபிரேய வரிக்கு மட்டும் வலப்பக்கம்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், நம் தறி வழக்கத்தை யாரிடமோ கேட்டுக்கொண்டு, எனக்குச் சிரமம் வேண்டாமென்று அந்த வரியை மட்டும் திருப்பியே எழுதித் தந்திருக்கிறார், மற்ற மூன்றுக்கும் பொறுமை போதவில்லை என்று நினைத்தேன். மூன்று வரியைத் திருப்பினேன். எபிரேயத்தை அப்படியே விட்டுவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் கௌரவம் என்ன ஆவது!

விழாவுக்கு நாலு நாள் முன்னால் துணியை எடுத்துப்போக வந்தார். பிரித்ததும் முகம் மலர்ந்தது. மேல் வரியைப் பார்த்ததும் வாடிவிட்டது.

"அண்ணா... இது திரும்பி இருக்குது. இந்தப் பாஷையை வலப்பக்கமிருந்து இடப்பக்கமாத்தான் படிக்கணும்."

தப்பு புரிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, அவர் மேலேயே. "அதை முன்னாடியே சொல்றதுக்கு என்னம்மா? இப்பப் போய் சொன்னா? இந்த ஊர்ல இதைப் படிக்கறவன் எவன் இருக்கான்? பேசாம கொண்டுபோய் மாட்டுங்க!" என்று கத்தினேன்.

அவர் திருப்பிக் கத்தவில்லை. "சொல்லாதது என் தப்புதாண்ணா. இப்படித் திரும்பினதை மாட்டினா என்னால அதைப் பாக்க முடியாது. வகுப்பு போனாப் போகுது, மத்த மூணு வரியை வச்சி மடிச்சித் தைச்சி மாட்டிக்கறேன்" என்றார். துணியை மெதுவாக மடிக்க ஆரம்பித்தார்.

அந்தக் காலத்தில் எபிரேய வேதத்தைப் பிரதி எடுத்தவர்கள் எழுத்து எழுத்தாக எண்ணிச் சரிபார்ப்பார்கள் என்று அவரே முன்பு சொல்லியிருந்தார். அதே ஜாதி இவரும் என்று தோன்றியது. அந்த வரிக்காகத்தான் அவர் ரெண்டு வருஷம் ஊரை விட்டிருந்தார். என் வீம்புக்காக அதை உள்ளே மடித்துத் தைப்பதா? வெட்கமாகப் போய்விட்டது.

"குடுங்க இப்படி" என்று வாங்கினேன். எழுத்துக்குப் புதுசாகத் துளை அட்டை குத்தித் தறியில் மாட்டி நெய்ய நாள் இல்லை. ஆனால் சரிகையை மட்டும் இழை இழையாக உருவினால் அடிப்பட்டு அப்படியே நிற்கும். உருவினேன். பிறகு ஊசியில் சரிகை கோத்து, இழை எண்ணி, அந்த மூன்று எழுத்தையும் கையாலேயே போட்டேன். மூன்று நாள் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வலப்பக்கமிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பேர் சொல்லுவார். நானும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுவேன். அப்படி ஒரு நிதானம் என் கைக்கு அதற்கு முன் வந்ததில்லை.

விழாவன்று கமிட்டித் தலைவர் துணியை விரலால் தடவிப் பார்த்தார். "மேல் வரி மட்டும் ஏன் தையல் மாதிரி இருக்குது?"

"ஐயா, நான்தான் சரியா—" என்று டீச்சர் ஆரம்பித்தார்.

நான் குறுக்கே பாய்ந்தேன். "அவங்க எழுதிக் குடுத்தது சரிங்க. நான்தான் இடம் வலமா மாத்தி நெய்துட்டேன். அவங்க கண்டுபிடிச்சாங்க. அவங்க இல்லன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காது." என் வாடிக்கைக்காரர்கள் பத்துப் பேர் கூட்டத்தில் இருந்தார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தலைவர் மேல் வரியை மறுபடியும் தடவினார். "யாருக்குமே தெரிஞ்சிருக்காதா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு, "வர்ற வியாழக்கிழமை ஆரம்பிச்சிடும்மா" என்றார்.

வியாழக்கிழமை தறியை நிறுத்திவிட்டு நானும் போனேன். தலைவரையும் சேர்த்து ஏழு பேர் வந்திருந்தார்கள். நெற்றி நிறைய விபூதியோடு நான் உள்ளே நுழைந்ததும், "இவரு எதுக்கு இங்க?" என்று பெஞ்சில் ஒருவர் முணுமுணுத்தார். டீச்சர் காதில் விழுந்துவிட்டது.

"இவருக்கு மூணு எழுத்து ஏற்கெனவே தெரியும்" என்றார். "நீங்கதான் இனிமே கத்துக்கணும்."