நான் வெட்டிய இருமல்

ஜூன் 14, வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து சமையலை முடித்துவிட்டு, எதிர்வீட்டு ராமசாமி அண்ணனின் குறும்படத்தைச் செல்போனில் தொகுக்க உட்கார்ந்தேன். அவர் முன்னாள் ராணுவ வீரர். நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது. கண் மூடுவதற்குள் ஒரு படம் எடுத்தே தீருவது என்று நின்றார். நோயோடு கடைசி முறையாக ஊர் திரும்பும் சிப்பாயின் கதையை அவரே எழுதி நடித்தார், படம்பிடித்தது நான்.

சுத்தமாக இருக்கட்டும் என்று அவர் இருமிய இடங்களை எல்லாம் வெட்டினேன். போனில் இடமில்லை என்று மூலப் பதிவுகளையும் அழித்தேன். மாலையில் போட்டுக் காட்டினேன்.

"ஏனுங்க அம்மிணி, இருமலைக் காணோம்?"

"கேக்க நல்லால்லீங்கண்ணா, எடுத்துட்டேன். மூலத்தையும் அழிச்சுட்டேனுங்க."

"அதென்ன சோத்துல கல்லா, பொறுக்கிப் போட? சாவப்போறவன் இருமாமயா ஊட்டுக்கு வருவான்? மறுக்கா நடிக்க எனக்கு மூச்சு இல்லீங்க."

பக்கத்தில் இருந்த அவர் மகள் போனை வாங்கித் துழாவினாள். அழித்தவை எல்லாம் போனின் குப்பைப் பெட்டியில் அப்படியே இருந்தன.

"எல்லையில கூட இப்படிப் பயந்ததில்லீங்க" என்று அண்ணன் சிரித்தார்.

இப்போது மூலப் பதிவின் பிரதியை அவர் மகளிடம் கொடுத்துவிடுகிறேன். அவரைக் கேட்காமல் ஒரு நொடியும் வெட்டுவதில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் இருமலை அதன் இடத்தில் சேர்த்தேன்.