மச்சான் தோட்டத்துப் பப்பாளி

துபாயிலிருந்து திரும்பியதும் புவனகிரிக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்தில் பப்பாளி வைத்தேன். வரப்புக்கு அந்தப் பக்கம் என் மனைவியின் தம்பி, எனக்கு முன்பே வைத்திருந்தான். நோய் முதலில் அவன் மரங்களில்தான் வந்தது. குருத்து இலைகள் மஞ்சளாகிச் சுருங்கின. காய்களில் வளையம் வளையமாகப் புள்ளி விழுந்தது. பிறகு என் மரங்களுக்கும் பரவியது.

மருந்துக் கடைக்காரர் ஒரு பாட்டிலை நீட்டினார். இரண்டு முறை அடித்தேன், பலனில்லை. தோட்டக்கலை அலுவலகத்துப் பெண் அதிகாரி நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது வைரஸ் சார். மருந்தே கெடையாது. அசுவினிப் பூச்சி ஒரு மரத்துலேருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டு போவுது. வந்த மரத்தப் புடுங்கிப் பொதைங்க. பக்கத்துத் தோட்டத்துலயும் எடுத்தாத்தான் உங்களுது தப்பிக்கும்."

அன்றே என் தோட்டத்தில் பதினோரு மரங்களைப் பிடுங்கினேன். பூச்சிக்குத் தடுப்பாக வரப்போரம் இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைத்தேன். மச்சானிடமும் போய்ச் சொன்னேன்.

"காய் நிக்கிது மச்சான். அடுத்த வாரம் எடுத்துடுறேன், இன்ஷா அல்லாஹ்."

அடுத்த வாரமும் அதையேதான் சொன்னான். அதற்குள் என் பக்கம் இன்னும் பத்துப் பதினைந்து மரம் மஞ்சளாகிவிட்டது. குடும்பத்துக்குள் சண்டை வரக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு மனைவி மேல் எரிந்து விழுந்தேன்.

ஒரு நாள் காலை அவள் அரிவாளோடு தம்பியின் தோட்டத்துக்குள் நுழைந்து மரங்களை வெட்டத் தொடங்கினாள். அவன் கத்திக்கொண்டு ஓடி வந்தான்.

"அக்கா, பைத்தியமா புடிச்சிருக்கு?"

"ஆமாண்டா. நீ காயப் பாத்துக்கிட்டே நிக்கிற, இவுரு இலையப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. ஒங்க ரெண்டு பேரு மூஞ்சியயும் தெனம் என்னால பாக்க முடியல."

அவன் ஒரு குழி தோண்டி, அவள் வெட்டிப் போட்டதை அதில் இழுத்துப் போட்டான். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

ஆனால் காலம் கடந்திருந்தது. பத்து நாளில் என் நல்ல மரங்களின் குருத்தும் மஞ்சளாயிற்று. மாத முடிவில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு உளுந்து விதைத்தேன். அவன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. அவள் செய்ததை நான் முதல் வாரமே செய்யாமல் போனதுதான் அதைவிட உறுத்துகிறது.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வரும்போது மச்சான் கேட்டான், "அடுத்த தடவ எப்ப வைக்கலாம் மச்சான்?"

வண்டியைக் கிளப்பினேன்.