கிணற்றடியில் மூன்று தேயிலைக் கன்றுகள்

கிளிநொச்சிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படியும். அதைக் கரண்டியால் சுரண்டும் சத்தத்துக்கு எனக்குப் பல் கூசும். மலைத் தண்ணீர் இப்படி இல்லை என்று அம்மா நாள்தோறும் சொல்வார். அறுபதுகளின் தொடக்கத்தில், தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் “பேர் வெட்டி” வேலையிலிருந்து நிறுத்தியதும், வயல் கூலி தேடி நாங்கள் மூவரும் இங்கே வந்திருந்தோம். எனக்கு ஒன்பது வயது. பிசுக்கோத்துத் தகரமொன்றில் தோட்டத்து மண்ணோடு மடியில் வைத்துக் கொண்டுவந்த மூன்று தேயிலைக் கன்றுகளை அம்மா கிணற்றடியில் நட்டார்.

“இதுல ஒண்ணு பொழச்சா நானும் இங்க பொழச்சுக்குவேன்” என்றார். கன்று பட்டுப்போனால் அம்மாவும் எங்களை விட்டுப் போய்விடுவார் என்ற பயம் அன்றே என்னைப் பிடித்துக்கொண்டது.

பக்கத்துக் காணி அன்னம்மாக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன பிள்ளை, தேயிலைத் தோட்டம் போடுறியளோ? எங்களுக்கும் ஒரு சுண்டு தூள் தாங்கோ” என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

தண்ணீர் ஊற்றுவது என் வேலை. காலையும் மாலையும் ஊற்றினேன், பங்குனி வெயில் ஏறியபோது மத்தியானமும் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற இலை மஞ்சளாகியது. இருபது வருடம் தேயிலைக்குள் கிடந்த அப்பா குந்தியிருந்து பார்த்துவிட்டு, “கவ்வாத்து வெட்டச் சொன்னா கண்ண மூடிக்கிட்டு வெட்டுவேன். மண்ணு பாத்ததெல்லாம் தொரைங்கதானே” என்று எழுந்து போனார்.

கடைசியில் நான் அன்னம்மாக்காவிடம் கேட்டேன். “அடுப்புச் சாம்பலைப் போடு தம்பி. என்ரை கத்தரி அதிலைதான் காய்க்குது” என்றார். அம்மாவுக்குத் தெரியாமல் மூன்று நாள் அள்ளிப் போட்டேன். இரண்டு கிழமைக்குள் மூன்றும் கருகின.

அம்மா அவற்றைப் பிடுங்கி எறிந்து, “இந்த மண்ணு நம்மள ஏத்துக்கல” என்றார். போகவில்லை, தோட்டத்தில் எங்கள் லயத்து அறையில் வேறு குடும்பம் இருந்தது, போக இடம் ஏது? ஆனால் அந்த வளவில் ஒரு மிளகாய்க் கன்றைக்கூட அவர் கையால் பிறகு நடவில்லை.

நான் வளர்ந்து வயல் செய்த காலத்தில், விவசாய அதிகாரி ஒருவரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். தேயிலைக்கு அமிலத்தன்மையுள்ள மண்ணும், குளிரும், வருடம் முழுக்க மழையும், தண்ணீர் தேங்காத சரிவும் வேண்டும் என்றார். இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புத் தண்ணீர் அந்தத் தன்மையைக் கெடுக்கும், சாம்பல் அதைவிட மோசம், எப்படியும் இந்த வெயிலில் தப்பியிராது என்றார். சாம்பல் போட்டது நான்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிடவே வீட்டுக்கு நடந்தேன். “என்னாப்பா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லம்மா” என்றேன்.

இப்போது கிணறு தூர்ந்து, வளவில் பற்றை மண்டிக் கிடக்கிறது. அம்மாவும் இல்லை. கண்மூடும்வரை அவருடைய கோபமெல்லாம் அந்த மண்ணோடுதான் இருந்தது.